ஈரக்கைக்காரி

என் உள்ளங்கை வேர்க்கும். வெயில் காலத்தில் எல்லோருக்கும் வேர்க்குமே, அந்த வேர்வையைச் சொல்லவில்லை. மழை கொட்டினாலும் வேர்க்கும், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் வேர்க்கும், சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் மணிக்கட்டில் வழிந்து தரையில் சொட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இதைச் சொன்னவுடன் கேட்கிற அத்தனை பேரும் வைத்தியர் ஆகிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உடம்புல சூடு" என்பார் ஒருவர். "மனசுல தைரியம் இருந்தா கை ஏன் வேர்க்குது" என்பார் இன்னொருவர். என் மாமியார் ஒரு படி மேலே. எதையோ மறைக்கிறவளுக்குத்தான் கை வேர்க்குமாம். நான் நீட்டும் தேநீர் டம்ளரை என் கண் முன்னாலேயே ஒரு துணியால் துடைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அந்தத் தேநீரை அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று நான் நினைக்காத நாளே இல்லை. அதை மட்டும்தான் மறைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துபோனபோது, டீச்சர் அதை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டி, "இது பரீட்சைத் தாளா, கைக்குட்டையா?" என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்த கோபம் எனக்கு. இன்னும் அணையவில்லை.

கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. அதிலேயே பாதி நோய் போனமாதிரி இருந்தது.

"உங்க வேர்வைச் சுரப்பிக்கு எப்ப நிறுத்தணும்னு தெரியல, அவ்வளவுதான்" என்றார். "நீங்க பயந்து வேர்க்கல. வேர்த்துடுமோன்னு பயப்படுறீங்க. அதனால இன்னும் கொஞ்சம் கூட வேர்க்குது. இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல."

ஒரு மருந்துத் தண்ணீர் எழுதிக் கொடுத்தார். படுக்கப் போகும்போது கை நன்றாகக் காய்ந்த பிறகு தடவ வேண்டும், காலையில் கழுவ வேண்டும். எனக்குப் பொறுமை ஏது? வந்த வேகத்தில் ஈரக்கையிலேயே தடவினேன். மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது. மறுநாளே போய் டாக்டரிடம் கத்தினேன். "காஞ்ச கைன்னு சொன்னேனா இல்லையா?" என்று அவர் திருப்பிக் கத்தினார். இரண்டு பேரும் கத்தி முடித்ததும்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிறகு அங்கேயே இன்னொரு வைத்தியமும் நடந்தது. இரண்டு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் உள்ளங்கைகளை வைக்கச் சொல்லி, லேசாக மின்சாரம் விடுவார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். வாரத்தில் சில நாள் விடாமல் போனேன். நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முன்பு சொட்டியது, இப்போது கசிகிறது. என்னைக் கேட்டால் அது பெரிய விஷயம்.

இப்படிப்பட்ட கையோடு நான் வேலை பார்க்கும் இடம் எது தெரியுமா? பேரிங் பட்டறை. இரும்பு வளையங்களைக் கடைந்து, முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றி, கடைசியில் என் மேசைக்கு அனுப்புவார்கள். நான் அவற்றைத் துடைத்து, எண்ணெயில் முக்கி, எண்ணெய்த்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும். மெருகேறிய இரும்பில் ஒரு விரல் வேர்வையோடு பட்டால் போதும், விரல்ரேகை அப்படியே துருவாக எழும்பிவிடும். அதனால் நான் முதல் நாளே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, அதற்கு மேலே ரப்பர் கையுறை. உள்ளே இருப்பது நனைந்தால் உடனே கழற்றிக் காயப்போட்டுவிட்டு அடுத்த ஜோடி. பை நிறைய ஜோடி வைத்திருப்பேன். பக்கத்து ஜன்னல் கம்பியில் என் கையுறைகள் எப்போதும் வரிசையாகத் தொங்கும். "குழாய் துணி காயப்போட்டிருக்கு" என்று லேத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஆமாம், பட்டறையில் என் பெயர் குழாய். வைத்தவர் ஃபோர்மேன்.

ஃபோர்மேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் கைராசிக்காரர். நானாகச் சொல்லவில்லை, பட்டறையே சொல்லும். நின்றுபோன மெஷினில் அவர் கை வைத்தால் ஓடும் என்பார்கள். முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே அவர் கை படாமல் ஒரு பெட்டி வெளியே போனதில்லை. நான் அடுக்கி முடித்ததும் வருவார். மேலே இருக்கிற வளையத்தின் தாளைப் பிரிப்பார். வெறும் கைதான், உறையெல்லாம் கிடையாது. எண்ணெயைக் கட்டைவிரலால் சுற்றி வழித்துவிட்டு, வளையத்தை விரலில் மாட்டி ஒரு சுழற்று சுழற்றுவார். அதன் வழியாக விளக்கைப் பார்ப்பார். பிறகு திரும்பச் சுற்றி வைத்து, "நல்லபடியா போய்ச் சேரு ராசா" என்று பெட்டியைத் தட்டிக் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் மூடி. அவர் சட்டைப் பையில் எப்போதும் உப்பு போட்ட வறுகடலை இருக்கும். பேசும்போதும் மெல்லுவார், பேசாதபோதும் மெல்லுவார். தன் கையை எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்துக்கொள்வார். "பாரு, பாலைவனம். ஒரு சொட்டு கிடையாது. மனசு சுத்தம்."

அதுவரை எங்கள் சரக்கு பக்கத்துக் கடைகளுக்குத்தான் போகும். போய்ச் சேர்ந்த வாரமே எவனாவது வண்டியில் மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பான். முதல் முறையாகக் கப்பலில் அனுப்பும் வேலை கிடைத்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிகள் போயின. கடல் காற்றில் மாதக்கணக்கில் கிடந்து, போன கப்பலிலேயே திரும்பியும் வந்தன. துரு என்று ஒரு வார்த்தை சொல்லி அத்தனையையும் தள்ளிவிட்டார்கள்.

முதலாளி ஒரு பெட்டியைத் திறந்தார். மேல் வளையத்தின் தாளைப் பிரித்தார். பளபளப்பான இரும்பில் பழுப்பாக ஒரு விரல் தடம். இன்னொரு பெட்டி. அதிலும் அதே. மூன்றாவதைத் திறந்து பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அவர் பார்க்கவும் எல்லோரும் பார்த்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஃபோர்மேன், கடலையை மென்றபடி. "ஈரக்கைக்காரிய இந்த மேசையில வைக்காதீங்கன்னு. கேட்டீங்களா?"

"நான் கிளவுஸ் போட்டுக்கிட்டுதான் செய்றேன்" என்றேன்.

"கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டச் சொன்னா காட்டு. முதலாளி பாக்கட்டும்."

மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். நான் கையுறைகளைக் கழற்றினேன். கூட்டம் பார்த்தால் என் கை எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? வைத்தியமெல்லாம் ஒரு நொடியில் பறந்துபோய், பழையபடி ஓட ஆரம்பித்தது. ஃபோர்மேன் ஒரு துடைப்புத் தாளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அமுக்கினார். அதை எடுத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஐந்து விரலும் உள்ளங்கையும் ஈரமாகத் தெரிந்தன. யாரோ சிரித்தார்கள். பரீட்சைத் தாளைத் தூக்கிக் காட்டிய டீச்சரின் கை எனக்கு ஞாபகம் வந்தது. அதே உயரம்.

"இந்த மேசைக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன்" என்றார் முதலாளி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாளைக்கு வந்து உன் சாமான எடுத்துட்டுப் போயிடு."

வாய்க்கு வாய் பேசுகிற நான், வாயடைத்துப்போய் நின்றேன். ஏன் தெரியுமா? நானும் நம்பினேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். எங்கேயாவது ஒரு கையுறையில் ஓட்டை இருந்திருக்கும், எப்போதோ அவசரத்தில் நனைந்த ஜோடியை மாற்றாமல் விட்டிருப்பேன் என்று நானே எனக்கு எதிராகச் சாட்சி தேடிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் ஊரே சொன்னால் மனசுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் பாத்திரங்களோடு சண்டை போட்டேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலில் இருப்பதால் வீட்டில் வாயே திறக்க மாட்டார், சரியான கல்லுளிமங்கன். நான் தட்டை வைத்த சத்தத்தில்தான் தலை நிமிர்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாளைக்குப் போறேன். போய் முதலாளி முன்னாடி விட்டெறிஞ்சுட்டு வரேன்."

"எதை?"

"கிளவுஸை."

"நனைஞ்சதையா, காஞ்சதையா?"

"விளையாடாதீங்க. வேலை போயிடுச்சுன்னு சொல்றேன். இந்தக் கைய வச்சுக்கிட்டு இன்னொரு பட்டறையில என்னைச் சேப்பாங்களா? கையக் குடுத்ததும் தெரிஞ்சுடுமே."

அவர் கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, "நீ தூங்கும்போது உன் கை காஞ்சுதான் இருக்கு" என்றார்.

"என்ன?"

"தூங்கிட்டா வேர்க்கறதில்ல. தொட்டுப் பாத்திருக்கேன். என் கை மாதிரிதான் இருக்கும்."

டாக்டரும் இதைச் சொல்லியிருக்கிறார், இந்த வகை வேர்வை தூக்கத்தில் நின்றுவிடும் என்று. ஆனால் அதை ஒருவர் தொட்டுப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. என் கை காய்ந்திருப்பதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டிருந்தார். அழுகை வந்தது. அது சோகம் இல்லை, கோபம்தான். மறைக்கிற மனசாம், பயந்த மனசாம். அப்படியென்றால் தூக்கத்தில் என் மனசு எங்கே போகிறது?

மறுநாள் காலை கையுறைப் பையை எடுத்துக்கொண்டு நேராகப் பேக்கிங் மேசைக்குப் போனேன். திரும்பி வந்த பெட்டிகள் அங்கேதான் அடுக்கியிருந்தன. முதலாளியும் ஃபோர்மேனும் அவற்றின் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் உருக்கப் போடுவதா, பழைய இரும்புக்கு விற்பதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசைப் பெண் மட்டும் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"வந்தாச்சா குழாய்?" என்றார் ஃபோர்மேன். "மனசத் திடமா வச்சுக்க. தைரியம் வந்தா எல்லாம் நின்னுடும்."

அந்த ஒரு வார்த்தை போதும். உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. பையை ஓங்கி மேசையில் அறைந்தேன். எதிரே நேற்றுத் திறந்து வைத்த பெட்டி கண்ணில் பட்டது. என் வேலைக்கு உலை வைத்த பெட்டி. இரண்டு கையாலும் ஒரே தள்ளு. அது தரையில் கவிழ்ந்து, தாள்கள் கிழிந்து, வளையங்கள் நாலாபக்கமும் உருண்டன. லேத்து வரைக்கும் ஓடின சில.

"பைத்தியமா உனக்கு?" என்று முதலாளி கத்தினார்.

"ஆமா. இந்த இடத்துல வேலை பாத்ததுக்கு வேற என்ன வரும்?"

பக்கத்து மேசைப் பெண் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். இரண்டு மூன்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். "அக்கா, இது பளபளன்னு இருக்கே."

நான் குனிந்து பார்த்தேன். காலடியில் கிடந்ததும் பளபளத்தது. மெஷின் ஓரத்தில் கிடந்ததும் பளபளத்தது. கடல் தாண்டிப் போய் வந்த வளையங்கள், நேற்றுத்தான் என் மேசையிலிருந்து போனவைபோல் மின்னின. பெட்டி முழுவதிலும் துருப்பிடித்தது ஒன்றே ஒன்று. நேற்று முதலாளி பிரித்துப் பார்த்த மேல் வளையம்.

"உருட்டுனதுல கலந்து போச்சு" என்றார் ஃபோர்மேன். "வேற பெட்டி சரக்கா இருக்கும்."

"அப்படியா? மூடியிருக்கறதத் திறங்க."

"நீ யாரு எனக்கு..."

"உங்களச் சொல்லல. முதலாளி, நீங்க திறங்க. நான் தொட மாட்டேன். என் கைதான் ஆகாதே."

முதலாளி திறந்தார். மேல் வளையத்தில் பழுப்புத் தடம். அதற்கு அடுத்ததைப் பிரித்தார், சுத்தம். அதற்கும் அடுத்தது, சுத்தம். அடி வரைக்கும் பிரித்தார். இன்னொரு பெட்டியைத் திறந்தார். அவர் கை இப்போது அவசரப்பட்டது. அதிலும் மேலே இருந்தது மட்டும்தான். வாங்கினவர்களும் மேலே பார்த்துவிட்டுத் தள்ளியிருக்கிறார்கள், இவரும் மேலே பார்த்துவிட்டு என்னைத் தள்ளினார். அடியில் கைவிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஈரக்கை ஒன்று பக்கத்தில் இருக்கும்போது அடியில் எதற்குத் தேட வேண்டும்?

மேல் வளையத்தைத் தொடுவது யார் என்று நான் கேட்கவில்லை. பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வியா அது? மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஃபோர்மேனின் கை வழக்கப்படி சட்டைப் பைக்குள் போய், பாதியில் நின்றுவிட்டது.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி, விடு. ஆனது ஆச்சு. நீ உன் மேசையப் பாரு, எல்லாரும் போய் வேலையப் பாருங்க."

ஆனது ஆச்சாம். என் கை என்றால் மெஷினை நிறுத்திக் கூட்டம் கூட்டுவார்கள். அவர் கை என்றால் ஆனது ஆச்சு. வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கலாம். என் அம்மா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். எனக்குக் கால் நகரவில்லை.

"யாரும் போகாதீங்க" என்றேன். "அண்ணே, கையைக் காட்டுங்க."

"என்ன?"

"காட்டச் சொன்னா காட்டுங்க. முதலாளி பாக்கட்டும்."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். நான் துடைப்புத் தாள் ஒன்றை உருவினேன். ஃபோர்மேன் மெல்ல வலது கையை நீட்டினார். நான் தாளை அவர் உள்ளங்கையில் வைத்து அமுக்கி, விரலிடுக்குகளில் அழுத்தித் தேய்த்து, மேசை விரிப்பின் மேல் உதறினேன். தாள் நனையவில்லை. உப்புத்தான் கொட்டியது. பொடிப்பொடியாக உப்பும், இரண்டு மூன்று கடலைத் தோலும். கறுப்பு ரப்பர் விரிப்பில் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"என் கை துருப்பிடிக்க வைக்கும்" என்றேன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "வெறும் கையால தொட்டா இத விட மோசமாப் பிடிக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் மருந்து போடறேன், கரண்டுத் தண்ணில கைய வைக்கறேன், ரெண்டு ரெண்டு கிளவுஸ் போட்டுக்கறேன். என் கை எப்படின்னு எனக்குத் தெரியும். உங்க கை எப்படின்னு உங்கள்ல ஒருத்தருக்காவது தெரியுமா?"

பையிலிருந்து ஒரு ஜோடி பருத்திக் கையுறையை எடுத்து ஃபோர்மேனிடம் நீட்டினேன். "இனிமே என் பெட்டியத் தொடணும்னா இது."

அவர் வாங்கிக்கொண்டார். முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பிப் போகும்போது, "எல்லாருக்கும் கிளவுஸ் வாங்கிப் போடச் சொல்றேன்" என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் போனார். அது மன்னிப்பு என்று பக்கத்து மேசைப் பெண் சொல்கிறாள். எனக்கு அப்படிப் படவில்லை. நேற்று போகச் சொன்னது என்னிடம்தானே, காற்றிடம் இல்லையே.

அன்று முழுவதும் திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்து, மேல் வளையங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்து மூடினேன். நல்ல சரக்கு அப்படியே நல்ல சரக்காக இருந்தது. ஒவ்வொரு பெட்டியாகப் பார்க்கப் பார்க்க, நேற்று எனக்கு எதிராக நானே தேடிய சாட்சிகள் ஞாபகம் வந்து எரிச்சல் கூடியதே தவிர குறையவில்லை. என் கையுறையில் ஓட்டை எதுவும் இருக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஃபோர்மேன் வந்தார். அந்தக் கையுறையைப் போட்டிருந்தார். என் அளவு, அவர் கைக்கு இறுக்கிப் பிடித்திருந்தது. பெட்டியில் கை வைக்கும் நேரம் அது. ஆனால் அவர் பெட்டிப் பக்கம் போகவில்லை. என் முன்னால் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிக் காட்டினார். துணி முழுவதும் ஈரம். விரல் நுனியில் நிறமே மாறியிருந்தது.

"இது நனைஞ்சுபோச்சு" என்றார் தாழ்ந்த குரலில். "காலையிலேர்ந்தே இப்படித்தான் இருக்கு. ஏன்னு தெரியல."

எனக்குத் தெரியும். பட்டறையே தன் கையைப் பார்க்கிறது என்று தெரிந்தால் எந்தக் கைக்கும் வேர்க்கும். அதை நான் சொல்லிக் கொடுத்திருக்கலாம். டாக்டர் எனக்குச் சொன்ன மாதிரி, இதில் உங்க தப்பு ஒண்ணும் இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் பரீட்சைத் தாளிலிருந்து நேற்றைய துடைப்புத் தாள் வரைக்கும் எல்லாம் வரிசையாக வந்து தொண்டையில் நின்றன.

"மனசத் திடமா வச்சுக்கோங்க அண்ணே" என்றேன். "தைரியம் வந்தா எல்லாம் நின்னுடும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பையைத் திறந்து, காய்ந்த ஜோடி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். நனைந்ததை வாங்கி ஜன்னல் கம்பியில், என்னுடையவற்றின் பக்கத்தில் காயப்போட்டேன்.